ஓர் இல்லம், இரு வாக்குகள்

தேர்தல் நெருங்கும்போது நம் வீடுகளில் நடக்கும் உரையாடல்களை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. காலைக் காப்பி நேரத்தில் நாளிதழைப் புரட்டியபடி, "இந்த முறை யாருக்கு?" என்று கேள்வி எழும். சில இல்லங்களில் கணவர் பதில் சொல்வார், மனைவி தலையசைப்பார். சில இல்லங்களில் மனைவி வேறொரு சின்னத்தைச் சொல்லுவார், அதற்குப் பின் அந்த வீட்டில் இரண்டு நாள் பேச்சே இருக்காது. பெண்களைப் பற்றிய பிரச்சினையே தேர்தலின் மையமாகிவிட்டால் இந்த வேற்றுமை இன்னும் கூர்மையாகிறது. அப்போது விவாதம் வெளியே உள்ள கட்சிகளைப் பற்றியதாக மட்டும் நிற்பதில்லை. "நீ என்னை எப்படி நினைக்கிறாய்?" என்ற கேள்வியும் அதற்குள் புகுந்துவிடுகிறது.

கணவன் மனைவிக்கு இடையே அரசியல் கருத்து வேறுபட்டால் என்ன செய்வது? ஒருவர் மற்றவருக்காக விட்டுக்கொடுக்க வேண்டுமா? வரலாறும் சட்டமும் நாம் வாழும் இந்தத் திருவனந்தபுரம் நகரின் அனுபவமும் இது பற்றி என்ன கற்றுத் தருகின்றன என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. பெயர் இருந்தால்தான் வாக்கு

நம் பாட்டிமார் காலத்தில் இக்கேள்வியே எழவில்லை, ஏனெனில் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுவே முதல். ஆனால் சொத்துத் தகுதி வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால், சொந்தப் பெயரில் சொத்து உள்ள மிகச் சிலரே பயன்பெற்றனர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. கணவனுக்குச் சொத்துத் தகுதி இருந்தால் அதைக் கொண்டு மனைவிக்கும் வாக்கு உண்டு என்றது. அதாவது, மனைவியின் வாக்கு கணவனின் சொத்திலிருந்து முளைத்தது! சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம் வந்த பிறகுதான், யாருக்கு மனைவி, யாருக்கு மகள் என்று பாராமல், 21 வயது நிறைந்த குடிமகள் என்ற ஒரே தகுதியால் பெண்ணுக்கு வாக்கு கிடைத்தது. 1989இல் அவ்வயது 18 ஆகக் குறைந்தது.

ஆனால் சட்டத்தில் கிடைத்தது பட்டியலில் உடனே கிடைத்துவிடவில்லை. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பெயர் சேர்க்கச் சென்ற அலுவலர்களிடம், வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தனர். "இன்னாரின் தாய்", "இன்னாரின் மனைவி" என்றே சொன்னார்கள். அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. வாக்காளர் என்பவர் தன் பெயரால் அறியப்பட வேண்டும் என்று உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அன்று அது கடுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் முறைப்படி சேர்ந்தன. மனைவி என்ற உறவைக் கொண்டு ஒருவர் வாக்காளர் ஆவதில்லை என்ற பாடத்தை நாடு அப்போதே படித்துவிட்டது.

நம் திருவனந்தபுரத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. அதே முதல் தேர்தலில் இத்தொகுதி மக்கள் எந்தக் கட்சியையும் சாராத ஆனி மஸ்கரீன் என்ற பெண்மணியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

2. "மனைவிக்கு வாக்கு தந்தால் கணவனுக்கு இரண்டு வாக்கு"

இப்படியொரு வாதம் ஐரோப்பாவில் நெடுநாள் நடந்தது. பிரிட்டனில் பெண் வாக்குரிமையை எதிர்த்தவர்கள் ஒரே மூச்சில் இரண்டு காரணம் சொன்னார்கள். மனைவி கணவன் சொன்னபடிதான் வாக்களிப்பாள், ஆகவே அது வீண் என்பது ஒன்று. மனைவி கணவனுக்கு எதிராக வாக்களித்தால் குடும்பத்தில் அமைதி கெடும், ஆகவே அது ஆபத்து என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்பதைக் கவனியுங்கள். ஆயினும் அங்கே 1918இல் 30 வயதுக்கு மேற்பட்ட ஒரு பகுதிப் பெண்களுக்கும், 1928இல் ஆணுக்குச் சமமாக அனைவருக்கும் வாக்கு வந்தது.

சுவிட்சர்லாந்தின் கதை இன்னும் சுவையானது. அங்கே அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டுமானால் மக்களிடம் நேரடியாக வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்கு இருந்ததோ ஆண்களுக்கு மட்டும். ஆக, "உங்கள் மனைவிக்கு வாக்கு வேண்டுமா?" என்று கணவர்களிடமே கேட்க வேண்டியதாயிற்று. 1959 பிப்ரவரியில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் "வேண்டாம்" என்றார்கள். 1971 பிப்ரவரியில் ஏறத்தாழ அதே மூன்றில் இரண்டு பங்கினர் "வேண்டும்" என்றார்கள். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் நாடளாவிய வாக்கெடுப்புகளில் அந்தப் பெண்களுக்கு வாக்குச்சீட்டு கிடையாது. பேச்சும் விடாமுயற்சியும்தான் இருந்தன. கணவனின் கருத்து கல்லில் எழுதியதல்ல, இல்லத்துப் பேச்சுக்கு நாட்டையே மாற்றும் வலிமை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் தமிழ் மண்ணிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1914இல் திருமணத்துக்கு இசைந்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று மணமகனிடம் உறுதி பெற்றுக்கொண்டே இசைந்தார். அந்த அம்மையார்தான் 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவர் ஆனார். கருத்து வேறுபாடு வரும் என்பதை முன்கூட்டியே எண்ணி, அதற்கு இடம் வைத்துத் தொடங்கிய இல்லறம் அது.

3. ஒரே அமைச்சரவை, இரண்டு கட்சிகள்

இனி நம் ஊருக்கே வருவோம். கணவன் மனைவி அரசியல் வேற்றுமை என்றால் கேரளத்தில் எவரும் முதலில் சொல்லும் பெயர்கள் கே.ஆர். கௌரியம்மாவும் டி.வி. தாமஸும்தான்.

கௌரியம்மா 1919இல் சேர்த்தலை அருகே பட்டணக்காட்டில் பிறந்தவர். ஈழவ சமூகத்திலிருந்து சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று போற்றப்படுபவர். தாமஸ் ஆலப்புழையின் தொழிற்சங்கத் தலைவர், திருவிதாங்கூர் கொச்சி சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். 1957 ஏப்ரலில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த முதல் கேரள அமைச்சரவையில் இருவரும் இடம்பெற்றனர். அம்மையாருக்கு வருவாய்த் துறை, தாமஸுக்குத் தொழிலாளர் நலமும் போக்குவரத்தும். அடுத்த மாதமே இந்நகரில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

1964இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிளந்தது. மனைவி மார்க்சிஸ்ட் கட்சிக்குச் சென்றார், கணவர் பழைய கட்சியிலேயே நின்றார். 1967இல் இரு கட்சிகளும் சேர்ந்த ஏழு கட்சிக் கூட்டணி ஆட்சிக்கு வந்தபோது, இருவரும் மீண்டும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தனர். இந்த முறை வெவ்வேறு கட்சியின் அமைச்சர்களாக! 1969 அக்டோபரில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. தாமஸின் கட்சியைச் சேர்ந்த அச்சுத மேனன் முதல்வரானார். கௌரியம்மா எதிர்வரிசைக்குப் போனார். பின்னர் தாமஸ் அந்த ஆட்சியில் தொழில் அமைச்சரும் ஆனார்.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். குடியானவருக்கு நிலத்தில் உரிமை தந்த 1969ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தை வருவாய் அமைச்சராகச் சட்டசபையில் நடத்திச் சென்றவர் கௌரியம்மா. அது 1970 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது ஆட்சியில் இருந்தது கணவரின் கட்சி. மனைவி கொணர்ந்த சட்டத்தைக் கணவரின் கட்சி அரசு அமல்படுத்தியது. பெருமை யாருக்கு என்று இரு கட்சிகளும் இன்றும் வாதிடுகின்றன. நிலம் கிடைத்த குடியானவனுக்கு அந்த வாதத்தால் ஒரு சென்ட் நிலமும் குறையவில்லை.

அவர்களது மணவாழ்க்கை நிலைக்கவில்லை. இருவரும் பிரிந்து வாழ்ந்தனர், 1977இல் தாமஸ் காலமானார். "கட்சிதான் அவர்களைப் பிரித்தது" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஒரு தம்பதியரின் பிரிவுக்கு வெளியே இருந்து ஒற்றைக் காரணம் கூற எவருக்கும் தகுதியில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அந்த அம்மையார் "கணவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நானும்" என்று சொல்லவில்லை. தாமஸும் மனைவிக்காகத் தம் கட்சியை விடவில்லை. இருவருமே தம் மனத்துக்குச் சரியென்று பட்டதைச் செய்தார்கள். இதே முடிவைக் கணவர் எடுத்தால் "கொள்கைப் பிடிப்பு" என்றும், மனைவி எடுத்தால் "பிடிவாதம்" என்றும் உலகம் சொல்வதை நாம் கவனிக்க வேண்டும்.

1987 தேர்தலில் அவரே முதல்வராவார் என்று மக்கள் பரவலாக எதிர்பார்த்தனர். ஆனால் ஈ.கே. நாயனார் முதல்வரானார். 1994இல் கௌரியம்மா கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, தனிக்கட்சி தொடங்கி, பின்னர் எதிரணி ஆட்சியிலும் அமைச்சராக இருந்து, 2021 மே மாதம் 101ஆம் வயதில் இந்நகரில் மறைந்தார். 1957 முதல் அவர் மறையும் வரை கேரளத்தில் ஒரு பெண்ணும் முதல்வர் நாற்காலியில் அமரவில்லை. 2021 பொதுத்தேர்தலில் 140 சட்டசபை உறுப்பினர்களில் 11 பேரே பெண்கள். 2011 கணக்கெடுப்பின்படி ஆயிரம் ஆண்களுக்கு 1084 பெண்கள் உள்ள மாநிலம் இது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

4. பெண்கள் எல்லாரும் ஒரே பக்கமா?

பெண்களைப் பற்றிய அரசியல் என்றால், ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் நிற்பார்கள் என்று எண்ணிவிடுகிறோம். 2018 அவ்வெண்ணத்தைத் தகர்த்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள், பத்து முதல் ஐம்பது வயது வரையிலான பெண்களும் சபரிமலை செல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். மாறுபட்ட அந்த ஒருவர், அமர்வின் ஒரே பெண் நீதிபதியான இந்து மல்ஹோத்ரா. டிசம்பர் 26ஆம் நாள் தீர்ப்பை எதிர்த்து, வடக்கே ஹொசங்கடி முதல் நம் களியக்காவிளை வரை விளக்கேந்தி மக்கள் நின்றனர். அதில் பெண்கள் ஏராளம். ஆறு நாள் கழித்து 2019 ஜனவரி 1ஆம் நாள், காசர்கோடு முதல் இந்நகரின் வெள்ளயம்பலம் வரை 620 கிலோமீட்டர் நீளத்துக்கு, மறுமலர்ச்சி விழுமியங்களுக்காக மகளிர் மதில் எழுந்தது. அதில் நின்றவர்களும் பெண்களே. ஒரே வாரம், இரண்டு வரிசை!

என் இல்லமும் இதற்கு விலக்கில்லை. என் மனைவி ஐம்பது வயது நிறையும் வரை காத்திருந்து, 2015 மண்டல காலத்தில் மாலை அணிந்து, நாற்பத்தோரு நாள் விரதமிருந்து மலை ஏறியவர். சாசனம் எல்லாருக்கும் பொது, வழிபாட்டில் ஆண் பெண் பேதம் கூடாது என்பது என் கருத்து. தீர்ப்பு வந்த அன்று மாலை, "பெண்களுக்கு நியாயம் கிடைத்தது" என்றேன்.

"காத்திருந்தது நான். அது விரதமா, அடிமைத்தனமா என்று நான்தானே சொல்லணும்? நீங்க எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"உனக்கு அது விரதம். காத்திருக்க விரும்பாத இன்னொருத்திக்கு அது தடை. உன் விரதத்தை யாரும் தடுக்கலையே" என்றேன்.

"ஆயிரம் பேர் சேர்ந்து காப்பாத்தினால்தான் அது கோயிலோட முறை. அவங்கவங்க இஷ்டப்படி இருக்க அது நம்ம வீட்டுப் பூஜை ரூமா?" என்றார்.

எங்கள் மகளின் கருத்து என் கருத்தைவிடவும் தீவிரமானது. அவள் மகளிர் மதிலில் கேசவதாசபுரத்தில் நின்றுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். "ஏம்மா, கால் வலிக்குதா?" என்று கேட்டுத் தோசை வார்த்துப் போட்டவர் அவளுடைய அம்மாதான். இருவரும் அன்று ஒரு வார்த்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் எங்கள் மூவரின் கருத்தும் அப்படியேதான் இருக்கிறது.

பெண்ணுரிமை பேசும் ஆண், தன் வீட்டுப் பெண் சொல்வதைக் கேட்காமல் பேசினால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. அதேபோல, ஒரு பெண் சொல்லிவிட்டாள் என்பதாலேயே அது எல்லாப் பெண்களின் தீர்ப்பும் ஆகிவிடாது. எங்கள் வீட்டிலேயே தாய்க்கும் மகளுக்கும் இரண்டு தீர்ப்பு. ஆகவே கணவன் மனைவிக்கிடையே இத்தகைய விவாதம் வரும்போது, "பெண்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "நீ என்ன நினைக்கிறாய், ஏன்?" என்று கேட்பதே பயன் தரும்.

5. கருத்து வேறு, வாக்கு வேறு

2019 ஏப்ரல் 23ஆம் நாள் கேரளத்தில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. மதிலைக் கட்டிய ஆளும் அணிக்கு 20 இடங்களில் ஒன்றே கிடைத்தது, 19 இடங்கள் ஐக்கிய ஜனநாயக முன்னணிக்குச் சென்றன. "சபரிமலைதான் காரணம்" என்று பலர் முடிவு கட்டினர். இரண்டே ஆண்டுகளில், 2021 சட்டசபைத் தேர்தலில் அதே ஆளும் அணி 140இல் 99 இடங்களைப் பெற்று மீண்டும் வந்தது. மக்கள் தம் நம்பிக்கையை இரண்டு ஆண்டில் மாற்றிக்கொண்டார்களா? அப்படிக் கொள்வதற்கில்லை. இடையே கோவிட் வந்தது. ரேஷன் கிட், ஓய்வூதியம், மருத்துவமனை, வேலை என்று எத்தனையோ கணக்குகள் வாக்கில் சேர்ந்தன.

வாக்கு என்பது ஒரே கேள்விக்கு எழுதும் பதில் அன்று. நூறு கேள்விகளுக்குச் சேர்த்து ஒரே பொத்தானை அழுத்துகிறோம். ஆகவே ஒரே கருத்துடைய தம்பதியர் வெவ்வேறு சின்னத்துக்கு வாக்களிக்கலாம். எதிரெதிர்க் கருத்துடைய தம்பதியர் ஒரே சின்னத்துக்கும் வாக்களிக்கலாம். மனைவியின் வாக்கைக் கொண்டு அவர் மனத்தை அளக்க முடியாது. கணவரின் வாக்கைக் கொண்டு அவர் மனைவியை மதிக்கிறாரா என்றும் அளக்க முடியாது.

இதற்கு உள்ளாட்சித் தேர்தல் நல்ல எடுத்துக்காட்டு. கேரளத்தில் 1995 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கும், 2010 தேர்தல் முதல் பாதியும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. தொடக்கத்தில் பல வீடுகளில், "பெண் என்பதற்காகவே வாக்களிக்கலாமா?" என்று கணவரும், "இத்தனை காலம் ஆண் என்பதற்காகத்தானே வாக்களித்தோம்?" என்று மனைவியும் வாதிட்டார்கள். ஆனால் ஒதுக்கப்பட்ட வார்டில் போட்டியிடுவோர் அனைவருமே பெண்கள்! அங்கே ஆணா பெண்ணா என்ற கேள்வியே இல்லை. யார் குழாயில் தண்ணீர் வரவழைப்பார், யார் குப்பையை அகற்றுவார் என்பதே கேள்வி. இடஒதுக்கீட்டை எதிர்த்தவரும் ஆதரித்தவரும் அந்த வார்டில் ஒரே அளவுகோலைத்தான் கையில் எடுக்க வேண்டும். நம் மாநகராட்சியில் 2020 டிசம்பரில் 21 வயது ஆர்யா ராஜேந்திரன் மேயரானபோது நாடே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஐந்தாண்டுகள் நகர மக்கள் அவரைப் புகழ்ந்ததும் குறை சொன்னதும் பெரும்பாலும் நிர்வாகத்தைப் பற்றித்தான்.

6. சட்டம் கட்டிய சுவர்

நம் தேர்தல் சட்டம் இல்லறத்துக்குச் செய்த பேருதவி, வாக்கின் இரகசியம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, யாருக்கு வாக்களித்தேன் என்று சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. நீதிமன்றச் சாட்சிக்கூண்டிலும் கேட்க முடியாத கேள்வியைச் சாப்பாட்டு மேசையில் கேட்பானேன்? மிரட்டி இன்னொருவரின் வாக்குரிமையில் தலையிடுவது தண்டனைக்குரிய குற்றம். கணவர் என்பதற்காக அதில் விலக்கு ஏதும் எழுதப்படவில்லை.

வாக்களித்த பின் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் ஏழு விநாடி தோன்றும் சீட்டு, அப்படியே பெட்டிக்குள் விழுந்துவிடும். யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பார்வையற்றோர், உடல் இயலாதோர் மட்டும் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். அத்துணைவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், வாக்கை வெளியிடமாட்டேன் என்று உறுதி எழுதித்தர வேண்டும், அன்று வேறு எவருக்கும் துணையாகச் செல்லக் கூடாது. வயதான மனைவிக்குத் துணையாகச் செல்லும் கணவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். அழுத்தும் விரல் உங்களுடையதாக இருக்கலாம், வாக்கு அவருடையது.

இது நம் நாட்டுக் கவலை மட்டுமன்று. 2024 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, கணவருக்குத் தெரியாமலே தம் விருப்பப்படி வாக்களிக்கலாம் என்று மனைவியருக்கு நினைவூட்டும் விளம்பரம் ஒன்று வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. "இது கணவனை ஏமாற்றச் சொல்வது" என்று ஒரு சாரார் கொதித்தனர். ஆனால் இரகசியம் வேறு, ஏமாற்று வேறு. சொல்ல வேண்டிய கடமை இருந்து மறைத்தால்தான் ஏமாற்று. வாக்கைச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் யாரிடமும் இல்லை. 2019 தேர்தலன்று சாவடியிலிருந்து திரும்பும் வழியில், "யாருக்குப் போட்டே?" என்று என் மனைவியிடம் கேட்டேன். "அது எனக்கும் அந்த மெஷினுக்கும் உள்ள விஷயம்ங்க" என்றார். சட்டப்படி முழுச் சரியான பதில் அது.

7. இல்லத்துக்கு ஏற்ற நடைமுறை

இரயில்வேயில் தண்டவாளப் பணியில் இருந்தவன் என்ற முறையில் ஓர் உவமை சொல்ல அனுமதியுங்கள். பதின்மூன்று மீட்டர்த் தண்டவாளங்களை ஃபிஷ் பிளேட் வைத்து இணைக்கும்போது, முனைகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவோம். வெயிலில் இரும்பு நீளும். இடைவெளி இல்லாமல் இறுக்கி வைத்தால் கோடையில் பாதை பாம்புபோல் வளைந்துவிடும். இடைவெளி மிகுந்துவிட்டாலோ ஒவ்வொரு சக்கரமும் மூட்டில் அடித்து அடித்துத் தண்டவாள முனை நசுங்கும். ஆகவே விடவும் வேண்டும், அளந்தும் விட வேண்டும். தேர்தல் காலம் இல்லறத்துக்குக் கோடை.

அந்த இடைவெளியை எப்படி அளப்பது? சில யோசனைகள்:

அ. இருவரின் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்பதை இருவரும் தனித்தனியே பாருங்கள். நம்மைப் போல் வெளிமாநிலத்தில் வாழும் குடும்பங்களில் இது முக்கியம். ஒருவர் இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருக்கக் கூடாது. ஊரில் வீடு இருக்கிறது என்பதும் போதாது, வழக்கமாக வசிக்கும் இடமே கணக்கு. 2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, திருமணமாகி இங்கு வந்த மருமகள்கள் பலர் பழைய பட்டியலில் தம் தாய் தந்தையர் பெயரைத் தேட வேண்டியிருந்தது. தன் பிறந்த வீட்டு விவரங்களை ஒவ்வொரு பெண்ணும் தன் கைவசம் வைத்திருப்பது நல்லது.

ஆ. விவாதம் வந்தால் பிரச்சினையைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றிப் பேசாதீர்கள். "பொம்பளைக்கு என்ன அரசியல் தெரியும்?" என்பதும், "ஆம்பளைங்க எல்லாம் இப்படித்தான்" என்பதும் வாதமே அல்ல. அவை கதவைச் சாத்தும் சொற்கள்.

இ. மற்றவரின் கருத்தை, அவரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு மறுத்துப் பேசுங்கள்.

ஈ. பிள்ளைகள் முன் விவாதிக்கத் தயங்க வேண்டாம். அப்பாவும் அம்மாவும் மாறுபட்டுப் பேசிவிட்டு ஒன்றாகச் சாப்பிட உட்காருவதைப் பார்ப்பதே ஒரு குடிமைப் பாடம். பிள்ளையை நடுவராக்குவதை மட்டும் தவிருங்கள்.

உ. வாக்களித்த பிறகு கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், கேலி செய்யாதீர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த யோசனைகள் இருவரும் அச்சமின்றிப் பேசக்கூடிய இல்லங்களுக்கே பொருந்தும். மனைவியின் அடையாள அட்டையைப் பறித்து வைப்பதும், "மாற்றிப் போட்டால் வீட்டுக்கு வராதே" என்று மிரட்டுவதும் கருத்து வேறுபாடு அல்ல, கொடுமை. அங்கே வேண்டியது விட்டுக்கொடுத்தல் அல்ல, சட்டத்தின் துணை.

தொகுத்துச் சொன்னால், பெயர் தனி, கருத்து தனி, வாக்கு தனி, இல்லம் பொது. முதல் மூன்றும் தனியாக இருக்க விட்டால் நான்காவது பொதுவாக நிலைக்கும். மனைவி தன் கருத்தை அடக்கிக்கொள்வதால் கிடைக்கும் அமைதியை ஒற்றுமை என்று எண்ணி மகிழ்வதில் பொருளில்லை. மாறுபட்டுப் பேசவும் முடிகிறது, சேர்ந்து வாழவும் முடிகிறது என்றால் அதுவே ஒற்றுமை. நாட்டுக்கு நாம் எதிர்பார்க்கும் ஜனநாயகத்தின் முதல் வகுப்பு நம் அடுக்களையிலேயே நடக்கட்டும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள் (குடும்பமாக அமர்ந்து விவாதிக்க)

1. 1952இல் பெயர் சொல்லாத பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது நியாயமா? வேறு வழி இருந்ததா?
2. கௌரியம்மா, தாமஸ் இருவரில் ஒருவர் கட்சி மாறியிருந்தால் அதை நாம் எப்படிப் பேசியிருப்போம்? மாறியவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து நம் பேச்சு மாறுமா?
3. ஒரு பிரச்சினையில் உங்கள் துணைவர் உங்களோடு மாறுபடுகிறார். அவர் தரப்பின் மிக வலுவான வாதம் எது? அதை அவர் ஒப்புக்கொள்ளும்படி உங்களால் எடுத்துச் சொல்ல முடியுமா?